காற்று வாய்க்கால்

திருப்புலி நாடு, கொல்லிமலை
20-1-1938

தம்பி சின்னராசுக்கு அர்த்தனாரி எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணி ராமாயியும் மாடு கன்றுகளும் சுகம். பட்டணத்துத் தண்ணீர் உனக்கும் பாப்பாத்திக்கும் ஒத்துக்கொண்டு நீங்களும் சுகமாயிருக்க அறப்பளீசுவரர் துணை.

பொங்கலுக்கு எடப்புளியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். "மூத்த மாப்பிள்ளை வந்துட்டாருங்க, எல்லாரும் வாங்க" என்று மாமன் கூப்பாடு போட்டார். நமக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். கையில் கொடுத்தது உன் கடிதம். அந்த ஊரில் எழுத்துத் தெரிந்தவன் வந்தால்தானே உன் பெருமை எல்லோர் காதிலும் விழும்? சிறு வயதில் முள்ளுக்குறிச்சி மளிகைக் கடையில் நின்றபோது நாலு எழுத்துக் கற்றுக்கொண்டேன். அது உன் கடிதத்தைப் படிக்கத்தான் உதவுகிறது.

நீ ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் காற்றுப் போவதற்குத் தகரக் குழாய் அடிக்கிறாயாம். மாமன் தொடையைத் தட்டி, "நாமெல்லாம் தண்ணிக்கு வாய்க்கால் வெட்டறோம். எம் மருமவன் காத்துக்கே வாய்க்கால் வெட்டறானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராமாயியும் சிரித்தாள். தீபாவளிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் படித்த கடிதத்துக்கு உனக்காகச் சிரித்தாள்.

மனத்தில் உள்ளதை மறைத்துப் பழக்கமில்லை எனக்கு. முதலில் உன்னைத்தான் ராமாயிக்குப் பேசினார்கள் என்பது இந்த மலை முழுக்கத் தெரியும். நீ அவளுக்கு அத்தை மகன், உரிமைக்காரன். நான் வெளியிலிருந்து பெண் கேட்டு வந்தவன். பிறகு என்ன நடந்ததோ, மூத்தவள் எனக்கு வந்தாள், இளையவள் பாப்பாத்தி உனக்கு. ஏன் என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. உன் கடிதம் வருகிற நாளில் எல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

காற்றுக்குக் குழாய் எதற்கு என்று மாமன் கேட்கச் சொன்னார். விவரமாக எழுதவும். சுருக்கமாக எழுதினாலும் குறையில்லை.

இப்படிக்கு,
அர்த்தனாரி

---

சென்னப்பட்டணம்
14-2-1938

அண்ணனுக்குச் சின்னராசு வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம். பாப்பாத்திக்குக் கொஞ்சம் இருமல் இருக்கிறது. மாமா, அண்ணி, நீங்கள் எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன்.

உங்கள் கோபத்தைப் படித்துச் சிரித்தேன் அண்ணா. வயிறு எரிந்தால் மோர் குடியுங்கள்.

மாமா கேட்டதற்குச் சொல்கிறேன். இந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி மூன்று மாடி கட்டியிருக்கிறது. டிராம் இரைச்சலும் தூசியும் வரக்கூடாதென்று ஜன்னல்களை எப்போதும் மூடியே வைப்பார்களாம். அப்புறம் மூச்சுக்கு என்ன செய்வது? கீழே நிலவறையில் ஆள் உயர விசிறி ஒன்று சுற்றுகிறது. அது தள்ளும் காற்று குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகிறது. குழாய் என்றால் மூங்கில் மாதிரி உருண்டை இல்லை. தகரப் பெட்டிகளை வரிசையாகச் சேர்த்து அடித்தது. உள்ளே ஆள் தவழ்ந்து போகலாம்.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது வந்த கூத்தைக் கேளுங்கள். விசிறியின் உறுமல் மூன்றாம் மாடி வரை ஏறியது. நிறுத்தியதும் தகரம் டமார் என்று உள்வாங்கி, ஒரு குமாஸ்தா மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார். அதையும் விட, பெரிய துரை கீழ் அறையில் ஒரு ஆளை வேலையிலிருந்து நீக்கப் பேசியது, மேல் அறையில் அந்த ஆளுக்கே கேட்டுவிட்டது. பேச்சும் குழாயில் ஏறிப் போகிறது!

சத்தத்தை அடக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. விசிறிக்கு அடியில் தேங்காய் நார்ப் பாயை அடுக்கினேன். விசிறியும் குழாயும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் கித்தான் பை ஒன்று தைத்து மாட்டினேன். ஒவ்வொரு தகரத்திலும் மூலைக்கு மூலை மடிப்பு விழத் தட்டினேன், இனி டமார் இல்லை. பேச்சுதான் அடங்கவில்லை. குழாயின் உள்பக்கம் முழுவதும் மெத்தென்று ஏதாவது ஒட்டினால் தகரம் சத்தத்தைக் கடத்தாது என்கிறார் இஞ்சினீர். சீமையிலிருந்து கம்பளித் துணி வர நாளாகும். நான் உங்கள் மேட்டுக்காட்டு இலவ மரங்களைச் சொன்னேன். பஞ்சைப் படிகாரத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் தீப்பிடிக்காது. சல்லாத் துணிக்குள் பரப்பித் தைத்து, கம்பி வலை போட்டுப் பிடித்துவிடலாம். இஞ்சினீர் சரி என்றுவிட்டார். காய் வெடித்ததும் அனுப்புவீர்களா?

அண்ணி இன்னும் தினை இடிக்கும்போது பாடுகிறார்களா? அந்தப் பாட்டில் பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சின்னராசு

---

திருப்புலி நாடு
26-3-1938

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே மழை இல்லை, நோயும் இல்லை. பாப்பாத்தியின் இருமலுக்கு மிளகு கொடுத்தனுப்பச் சொன்னாள் ராமாயி. மூட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் மாமன், "நம்ம மலைப் பஞ்சு துரை வாயை அடைக்குமாக்கும்! நாளைக்கே பறிங்க மாப்பிள்ளை" என்று உத்தரவு போட்டார். மரம் என்னுடையது. ஏறுவதும் நான். புகழ் மட்டும் உனக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

ராமாயிக்கு வந்த சுறுசுறுப்பைச் சொல்ல வேண்டும். விடிந்தால் முறத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். வெடித்த காயைப் பிரித்து, பஞ்சை மூங்கில் தட்டில் போட்டு, விரல் நுனியால் கொட்டையை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு. போதும் எழுந்திரு என்றேன். "ஒரு கொட்டை கிடந்தாலும் எலி வந்துருமுங்க. அப்புறம் தம்பி பேரு என்னத்துக்கு ஆகறது?" என்றாள். என் தலையணை கிழிந்து, கொட்டை கன்னத்தில் குத்தி, ராத்திரி எலி வந்து காதோரம் முகர்ந்து பார்க்கிறது. அதைத் தைக்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. பட்டணத்துத் தகரத்துக்குச் சேவை நடக்கிறது.

அண்ணிக்கு நீ எழுதியதைச் சொல்லிவிட்டேன்.

மூட்டைகளை முள்ளுக்குறிச்சி வரை தலைச்சுமையாக இறக்கி, அங்கிருந்து லாரியில் சேலம் ரயிலுக்கு அனுப்பிவிட்டேன். அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது கடைசி மூட்டைகளை நானே கட்டினேன். பத்திரமாக வந்து சேரும்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

அர்த்தனாரி

---

சென்னப்பட்டணம்
30-4-1938

அண்ணனுக்கும் அண்ணிக்கும் அநேக வணக்கம். நாங்கள் சுகம். மிளகுக் கஷாயத்தில் பாப்பாத்தியின் இருமல் போன இடம் தெரியவில்லை.

பஞ்சு வந்தது. வேலை முடிந்தது. பாப்பாத்தியும் நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து தைத்தோம். அவசரத்தில் மூட்டையை அவிழ்ப்பதும் படிகாரத் தொட்டியில் கொட்டுவதுமாக இருந்தோம், எதையும் நின்று பார்க்க நேரமில்லை. மூன்று மாடிக்கும் குழாய்க்குள் தவழ்ந்து தவழ்ந்து என் முழங்கால் தோல் உரிந்துவிட்டது.

நேற்று விசிறியை ஓட்டினோம். இஞ்சினீர் மேல் அறையில் காற்று வரும் வாய்க்குக் கீழே காதை வைத்துக்கொண்டு நின்றார். கீழ் அறையில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் இறங்கி வந்து, "ஏன் இன்னும் கத்தவில்லை?" என்று கேட்டார்! துரை அறையில் இப்போது பேனா காகிதத்தில் உரசுவது கேட்கிறது. அவ்வளவு அமைதி.

எல்லாம் அண்ணியின் கை. இதைப் படித்துக் காட்டியதும் பாப்பாத்தி, "அக்காவைப் புகழ்ந்தது போதும், மை தீர்ந்துரும்" என்கிறாள். நிறுத்துகிறேன். ஆபீஸ் குடிவந்துவிட்டாலும் ஆவணியில்தான் கட்டடத் திறப்பு விழா. அது நன்றாக நடந்தால் கண்டிராக்டர் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணி பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே?

சின்னராசு

---

சென்னப்பட்டணம்
2-6-1938

அண்ணனுக்கு வணக்கம். உங்களிடமிருந்து பதில் இல்லை. சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

குழாயில் எலி.

முதலில் துரை தலைக்கு மேலே ஏதோ ஓடுகிறது என்றார்கள். பிறகு எல்லா அறையிலும் ஓடியது. மடித்த தகரத்தில் எலி ஓடினால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியாது, குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது. நேற்று துரை கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து மேலே குழாய் வாயிலிருந்து பஞ்சு கொட்டியது. மேஜையில், மைக்கூட்டில், அவர் மீசையில் எல்லாம் பஞ்சு. அதோடு ஒரு எலிக்குஞ்சும் விழுந்தது. குமாஸ்தாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். சல்லாத் துணியைக் கடித்துக் கிழித்திருக்கின்றன. கிழிந்த இடத்தில் எல்லாம் இலவங்கொட்டை. ஒன்று இரண்டு தப்பியது என்றால் பரவாயில்லை. கையால் அள்ளலாம் போல் கிடக்கிறது.

கண்டிராக்டர் என்னைத் திட்டிய திட்டு பாப்பாத்திக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்குள் எலியும் சத்தமும் போகாவிட்டால் என்னை அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். எங்கே போனாலும் எலி வளர்த்தவன் என்ற பெயர் என்னோடு வரும்.

கொட்டை எடுக்காத பஞ்சு தலையணைக்கே ஆகாது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியுமே. அண்ணி இப்படி அஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. முடியாவிட்டால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இதை நான் எழுதியபடியே அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

சின்னராசு

---

திருப்புலி நாடு
25-6-1938

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. சாமை விதைத்தாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னபடியே படித்துக் காட்டினேன். எடப்புளியில், மாமன் முன்னால், எல்லோரும் கூடியிருந்தபோது படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. "அஜாக்கிரதை" என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தியும் படித்தேன். நீ அவளைக் குறை சொல்லி எழுதும் நாள் ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பொய் சொல்வானேன், அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அவள் அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. களி வருகிறது, கீரை வருகிறது, சொல் வருவதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்கிறாள். "மழை வருது, உங்க ஐயன் வெறகை உள்ளே எடுத்து வெச்சா ஆகும்" என்கிறாள். ஆடு என்னைப் பார்க்கிறது. நான் போய் விறகை எடுத்து வைக்கிறேன். நானும் ஆட்டிடமே பதில் சொல்லிப் பார்த்தேன். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நீ அங்கே சத்தத்தை அடக்க வழி தேடுகிறாய். இங்கே என் வீட்டில் சத்தமே கிடையாது. வேண்டிய மட்டும் வந்து எடுத்துக்கொண்டு போ.

பட்டணத்தில் எலிக்கு என்ன பஞ்சம்? அது எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கும்.

அர்த்தனாரி

---

சென்னப்பட்டணம்
4-7-1938

அண்ணனுக்கு.

சுகம்.

உங்கள் கடிதத்தைப் பாப்பாத்திக்குப் படித்தேன். "எங்க அக்கா கண்ணுல ஒரு கொட்டை தப்பாதுங்க. சின்னதுல நான் ஒண்ணு விட்டாலே தலையில குட்டுவா. கொட்டை அவ கையால வந்தது இல்லை" என்றாள். அண்ணியைக் குறை சொன்னதற்காக என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

கடைசி மூட்டைகளை யார் கட்டியது என்று உங்கள் பங்குனிக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதிய பாவத்துக்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில் எழுத வேண்டியதில்லை.

சின்னராசு

---

திருப்புலி நாடு
22-7-1938

தம்பி, பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்ததை ராமாயி பார்த்துவிட்டாள். படிக்கச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, மழையோடு மழையாக எடப்புளிக்கு நடந்துவிட்டாள். வாரம் ஒரு தடவை மிளகு எடை போட முள்ளுக்குறிச்சியிலிருந்து குழந்தைசாமி என்கிற கணக்குப்பிள்ளை அங்கே வருகிறார். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அவர் பாட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வரியை நான் அவளுக்குப் படித்ததே இல்லை. நீ அவளை விசாரித்து எழுதிய வரிகளில் பாதியை நான் விழுங்கிவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, "இதுல என்னங்க இருக்குது? இதையா முழுங்கினீங்க?" என்றாள். வெகு நாள் கழித்து என்னிடம் பேசிய பேச்சு அது. பிறகு, "இனிமே உங்க வாயால எனக்கு ஒரு கடுதாசியும் வேண்டாமுங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்றாள்.

கொட்டையைக் கலந்தது நான்தான். அவள் பிரித்துக் குவித்திருந்ததை முறத்தால் அள்ளிக் கொட்டி மூட்டையைக் கட்டினேன். எலி வரும் என்று தெரிந்தேதான் செய்தேன். உன் பெயர் கெட வேண்டும், அவள் உன்னைப் பற்றிப் பேசுவது நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் பெயர் கெடும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. மாமனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்.

இப்போது மரத்தில் காய் இல்லை. வீட்டு மெத்தை, தலையணை எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். மழைக்காலம் முடிந்து விற்க வைத்திருந்த பஞ்சும் இருக்கிறது. இரவு பகலாகக் கொட்டை எடுக்கிறேன். இந்த வேலை இவ்வளவு சள்ளை என்று எனக்குத் தெரியாது. நகக்கண்ணில் எல்லாம் வலி. ஆடி கழிவதற்குள் மூட்டையோடு நானே வருகிறேன். குழாய்க்குள் புகுந்து பழைய பஞ்சை நானே உரிக்கிறேன். உன் வாசலில் ஏற விட மாட்டாய் என்றால் ரயிலடியில் படுத்துக்கொள்கிறேன்.

உன் முகத்தில் விழிக்கத் தகுதி இல்லாத
அர்த்தனாரி

---

சென்னப்பட்டணம்
29-8-1938

ராமாயிக்கு அர்த்தனாரி எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் மாமனும் சுகமா? படித்துச் சொல்லும் குழந்தைசாமிக்கு வணக்கம். ஐயா, எதையும் விடாமல் படியுங்கள். விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சின்னராசு ரயிலடிக்கே வந்திருந்தான். ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பாப்பாத்தி சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. நல்லதுதான் என்று சாப்பிட்டேன்.

குழாய்க்குள் புகுந்து வெளியே வர எனக்குப் பல நாள் ஆயிற்று. வயிற்றால் ஊர்ந்துகொண்டு, பல்லால் பாட்டரி விளக்கைப் பிடித்துக்கொண்டு, எலி கடித்த துணியை உரித்துப் பின்னால் தள்ள வேண்டும். பஞ்சு மூக்கில் ஏறும். தகரம் முழங்கையைக் கிழிக்கும். அவன் இதையெல்லாம் முன்பே ஒரு தடவை செய்திருக்கிறான் என்று ஒவ்வொரு அடியிலும் நினைத்துக்கொண்டேன். உரித்த இடத்தில் பேச்சு நன்றாகக் கேட்கிறது. எந்த அறையில் யார் பேசினாலும் குழாய்க்குள் கிடக்கிற எனக்குத்தான் சொல்கிற மாதிரி இருக்கிறது. டைப் அடிக்கிற ஒரு பெண்பிள்ளை ஒரு நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதுப் பஞ்சைப் பரப்பி முடித்தோம். குழாய் வாய்களுக்கு எலி நுழையாதபடி நெருக்கமாக வலை அடித்தோம். திறப்பு விழா நடந்தது. பெரிய துரை குழாய் வாய்க்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதுதான் அவர் பாராட்டாம். சின்னராசுக்கு வேலை நிரந்தரம். அன்று இரவு அவன், நான் இங்கே வந்த பிறகு முதல் தடவையாக, என்னை அண்ணா என்று கூப்பிட்டான்.

இவனை எல்லோருக்கும் பிடிக்கிறது. டீக்கடைக்காரன், டிராம் கண்டக்டர், இஞ்சினீர், எல்லோரும் இவன் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். பக்கத்தில் நான் முளைக்குச்சி மாதிரி நிற்கிறேன். வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை.

குழந்தைசாமி ஐயா, பக்கத்தில் யாராவது இருந்தால் இங்கே நிறுத்தி, அவர்கள் போன பிறகு படியுங்கள்.

ராமாயி, உன்னை அவனுக்குத்தான் முதலில் பேசினார்கள். எனக்குக் கட்டி வைத்தபோது உனக்கு மனசு இருந்ததா? கல்யாணம் ஆன நாளிலிருந்து இதை உன்னைக் கேட்க வாய் வரவில்லை. இன்னொருவர் வாயால் கேட்கும்படி ஆகிவிட்டது. அவன் மேல் மனசு இருந்தது என்றால் அதையும் சொல்லிவிடு. நான் மலை ஏறுவதா வேண்டாமா என்று உன் பதிலைப் பார்த்துத்தான்.

அர்த்தனாரி

---

எடப்புளி நாடு
24-9-1938

உங்களுக்கு ராமாயி சொல்லி, குழந்தைசாமி எழுதறது. நான் பேசறதை அழகு பண்ணாம அப்படியே எழுதோணும்னு இவருகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறனுங்க. இங்க நானும் அப்பனும் சுகம். அங்க தங்கச்சி சுகமா? நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?

உங்க கடுதாசி வந்து நாளாச்சுங்க. பதில் சொல்லலாமா வேண்டாமான்னு கிடந்தேன். ரெண்டு தடவை இவரு எழுத உட்கார்ந்தாரு, நான்தான் போகச் சொல்லிட்டேன்.

கொட்டையைப் போட்டதைக் கூடப் பொறுத்துக்குவேனுங்க. என்னைக் குத்தஞ் சொன்ன கடுதாசியை எங்க அப்பன் முன்னால, ஊரு முன்னால, குரலை ஏத்தி ஏத்திப் படிச்சீங்க பாருங்க. நான் கொட்டையே விடலைன்னு உங்களுக்குத்தானே தெரியும்? தெரிஞ்ச வாயே அதைப் படிக்குதேன்னுதான் எனக்குப் பேச்சு நின்னு போச்சு. அது இன்னும் ஆறலைங்க. நீங்க குழாய்க்குள்ள கிடந்தீங்கங்கறதுக்காக ஆறிப் போச்சுன்னு சொல்ல மாட்டேன்.

மனசு இருந்துச்சான்னு கேட்டீங்க. இத்தனை வருசமா என்னைத் தவுத்து எல்லாரு மூஞ்சியையும் பார்த்துப் பார்த்து வெந்துக்கிட்டு இருந்திருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே.

அப்பன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாருங்க. "அத்தை பையன் இருக்கறான். திருப்புலியிலிருந்தும் ஒருத்தரு வந்து கேக்கறாரு. உனக்கு யாரு வேணும் கண்ணு?"ன்னாரு. நான்தானுங்க உங்களைச் சொன்னேன். அத்தைக்குக் கோவம் வரும்னு அப்பன் யாருகிட்டயும் அதைச் சொல்லலை.

ஏன்னு கேப்பீங்க. சின்னராசு வாயைத் தொறந்தா சந்தையே நின்னு சிரிக்கும். எனக்கு அதுதான் ஆகலைங்க. எம் புருசன் பேச்சுக்கு இன்னொருத்தி சிரிச்சா எனக்கு வயிறு எரியும். நான் சின்னதுலயே அப்படித்தான், பாப்பாத்திக்கு ஒரு மண் சொப்பைக் கூட விளையாடக் கொடுத்தது இல்லை. நீங்க பொண்ணு கேட்டு வந்தன்னைக்கு யாருகிட்டயும் பேசாம, கொடுத்த களியை மூஞ்சியைத் தூக்காம தின்னுட்டு உட்கார்ந்திருந்தீங்க. ஒருத்தரும் உங்களைத் திரும்பிப் பார்க்கலை. இந்த மனுசனை எங்கிட்ட யாரும் பங்கு கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதானுங்க. அதுல இந்த நாள் வரைக்கும் எனக்கு ஒரு குறையும் வந்தது இல்லை.

சாமை அறுக்கற நாளாச்சு. நாளைக்கு நான் திருப்புலிக்குப் போறேன். வாரதுன்னா வாங்க. பேசுவேனான்னு எனக்கே தெரியலை.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். டைப் அடிக்கற பொண்ணு ஒருத்தி விழுந்து விழுந்து சிரிச்சாள்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கும் சிரிப்பு வந்துச்சாம். எங்கூட இத்தனை வருசத்துல நீங்க சேர்ந்து சிரிச்சது இல்லை. அவ யாருங்க? எதுக்குச் சிரிச்சா? அதை எழுதிப் போட்டுட்டு மலை ஏறுங்க.

ராமாயி